ஈர்ப்புவிசை குவாண்டம் விதிக்குக் கட்டுப்படுமா? குறுக்கீட்டுச் சோதனைகள் காட்டியதும் காட்டாததும்

ஈர்ப்புவிசையையும் குவாண்டம் இயற்பியலையும் ஒரே கோட்பாட்டுக்குள் கொண்டுவரும் முயற்சிக்கு ஏறத்தாழ நூறு வயது. இழைக் கோட்பாடு, வளையக் குவாண்டம் ஈர்ப்பு, காரணக் கணக் கோட்பாடு என்று பல பாதைகள் போடப்பட்டுவிட்டன. தலைமுறை தலைமுறையாகக் கெட்டிக்காரர்கள் அவற்றில் உழைத்திருக்கிறார்கள். ஆனால் இவற்றில் எதையும் இதுவரை எந்தச் சோதனையும் மெய்ப்பிக்கவில்லை, பொய்ப்பிக்கவும் இல்லை. இரண்டும் சந்திக்கும் இடம் என்று கணக்கு காட்டும் பிளாங்க் ஆற்றல் 1.2×10¹⁹ ஜிகா எலக்ட்ரான் வோல்ட். மனிதர் கட்டிய மிகப் பெரிய துகள்முடுக்கியான ஜெனிவாவின் எல்.எச்.சி. எட்டியிருப்பது 13.6 டெரா எலக்ட்ரான் வோல்ட். நடுவே ஏறத்தாழ 10¹⁵ மடங்கு இடைவெளி. இதை வைத்துத்தான், குவாண்டம் ஈர்ப்பு சோதனைக்கு எட்டாத பொருள், அது கணிதத்தோடு நின்றுவிடும் என்று பலரும் எழுதிவந்தார்கள்.

அந்த முடிவை ஏற்க வேண்டியதில்லை. பிளாங்க் நீளத்தில், அதாவது 1.6×10⁻³⁵ மீட்டரில், வெளி எப்படி இருக்கும் என்று கேட்டால் பதில் நம் கைக்கு வராதுதான். ஆனால் அதற்கு முன்பே கேட்க வேண்டிய சிறிய கேள்வி ஒன்று இருக்கிறது. ஒரு பொருள் ஒரே நேரத்தில் இரண்டு இடங்களில் இருக்கும் நிலையில் வைக்கப்பட்டால், அதன் ஈர்ப்புப்புலம் என்ன ஆகிறது? புலமும் இரண்டு நிலைகளில் மேற்பொருந்தி நிற்கிறதா, அல்லது ஈர்ப்பு மட்டும் அந்த விதிக்கு வெளியே நிற்கிறதா? இதற்கு முடுக்கி வேண்டாம். ஒரு குறுக்கீட்டுமானி போதும். அந்தக் குறுக்கீட்டுமானிகள் கடந்த அரை நூற்றாண்டில் எதுவரை வந்திருக்கின்றன, இந்தியாவுக்கு அதில் என்ன பங்கு என்பதே இந்தக் கட்டுரையின் பொருள்.

குறுக்கீடு என்பது பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலில் யங் இரட்டைப்பிளவுச் சோதனையாகப் படிக்கும் அதே விஷயம். நம் புதுக்கோட்டை மாவட்டத்து ஆலங்குடியில் எந்தப் பள்ளியிலும் ஒரு சிவப்பு லேசர் விளக்கையும் ஒரு தலைமுடியையும் வைத்து இதைச் செய்து காட்டலாம். முடியை லேசர் வாய்க்குக் குறுக்கே ஒட்டி, 3 மீட்டர் தள்ளியுள்ள சுவரில் ஒளியை விழச் செய்தால், நடுப்புள்ளியின் இரு பக்கமும் ஒளியும் இருளுமாகப் பட்டைகள் விரியும். ஒளியின் அலைநீளம் 650 நானோமீட்டர், முடியின் தடிமன் 80 மைக்ரோமீட்டர் என்றால் பட்டைகளுக்கு இடையே ஏறத்தாழ இரண்டரை சென்டிமீட்டர் வரும். அடிக்கோலை வைத்து அளந்து முடியின் தடிமனைக் கணக்கிட்டுவிடலாம். முடியின் இரு ஓரங்களையும் கடந்துவந்த அலைகள் சுவரில் சந்திக்கும்போது அவற்றுக்கிடையே உள்ள கட்ட வேறுபாடு பட்டைகளாகத் தெரிகிறது. எதையாவது மிக நுட்பமாக அளக்க வேண்டுமானால், அதை இரு பாதைகளில் ஒன்றின் கட்டத்தில் ஏற்றிவிட்டுப் பட்டை எவ்வளவு நகர்ந்தது என்று பார்ப்பதே வழி. இனி வரும் சோதனைகள் எல்லாம் இந்த ஒரே உத்தியில் நடப்பவை. ஒளிக்குப் பதிலாகப் பொருளே அலையாக இரண்டு பாதைகளிலும் போகும் என்பதுதான் வித்தியாசம்.

1957 ஜனவரியில் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்துச் சேப்பல் ஹில் நகரில் ஈர்ப்பைப் பற்றி ஒரு மாநாடு நடந்தது. அங்கே ரிச்சர்ட் ஃபைன்மன் ஒரு சிந்தனைச் சோதனையை முன்வைத்தார். ஒரு துகளின் தற்சுழற்சியைப் பொறுத்து, ஈர்ப்பு உணரத்தக்க அளவு கனமான ஓர் உருண்டை மேலேயோ கீழேயோ நகர்வதாக வைத்துக்கொள்ளுங்கள். துகள் இரண்டு நிலையிலும் மேற்பொருந்தி இருந்தால் உருண்டையும் அப்படித்தான் இருக்கும். அப்போது உருண்டையின் ஈர்ப்புப்புலமும் இரண்டாக மேற்பொருந்த வேண்டும். இல்லாவிட்டால் இவ்வளவு பெரிய பொருளுக்குக் குவாண்டம் இயற்பியலே பொருந்தாமல் போக வேண்டும். இந்த இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்று அவர் வாதிட்டார். இந்தத் துறையில் இன்று நடக்கும் எல்லாப் பேச்சுக்கும் வேர் அங்கே இருக்கிறது. ஆனால் அன்று அதைச் செய்து பார்க்க எந்தக் கருவியும் இல்லை.

கருவி 1974இல் வந்தது. ஒரே சிலிக்கான் படிகத்திலிருந்து வெட்டி எடுத்த மூன்று தகடுகளால் நியூட்ரான் அலையைப் பிரித்து மீண்டும் சேர்க்கும் குறுக்கீட்டுமானியை ஹெல்முட் ராவ்ஹ் குழுவினர் வியன்னாவில் இயக்கிக் காட்டினார்கள். அடுத்த ஆண்டே ராபர்ட்டோ கொலெல்லா, ஆல்பர்ட் ஓவர்ஹவுசர், சாமுவேல் வெர்னர் மூவரும் அதே வகைக் கருவியைக் கொண்டு ஈர்ப்பை அளந்தார்கள். கருவியைப் படுக்கையாக வைத்தால் நியூட்ரானின் இரு பாதைகளும் ஒரே உயரத்தில் இருக்கும். நிமிர்த்தினால் ஒரு பாதை மற்றதைவிடச் சில சென்டிமீட்டர் மேலே போகும். மேலே போகும் அலை பூமியின் ஈர்ப்பை எதிர்த்து ஏறியதால் சற்று மெதுவாகச் செல்லும், கட்டம் மாறும், கருவியைச் சாய்க்கச் சாய்க்க வெளிவரும் நியூட்ரான்களின் எண்ணிக்கை ஏறி இறங்கும்.

இந்தக் கணக்கை நம் ஊருக்கே போட்டுப் பார்க்கலாம். நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 10 பாகைக்குச் சற்று மேலே இருக்கும் ஆலங்குடியில் ஈர்ப்பு முடுக்கம், பூமியின் பொது வாய்பாட்டின்படி, விநாடிக்கு விநாடி 9.782 மீட்டர், டெல்லியில் 9.792. நியூட்ரானின் அலைநீளம் 1.4 ஆங்ஸ்ட்ராம், இரு பாதைகளுக்கும் நடுவே அடைபட்ட பரப்பு 10 சதுர சென்டிமீட்டர் என்று எடுத்துக்கொண்டால், கருவியைப் படுக்கையிலிருந்து செங்குத்தாக நிமிர்த்துவதற்குள் கட்டம் ஏறத்தாழ 9 முழுச்சுற்று மாறிவிடும். ஆப்பிள் விழுவதைப் பற்றிய பாடத்தில் வரும் அதே எண், ஒரு நியூட்ரான் அலையின் கட்டத்தில் இவ்வளவு வெளிப்படையாக வந்து உட்காருகிறது. 1821இல் சென்னை வானோக்கு நிலையத்தில் ஜான் கோல்டிங்காம் ஊசலை ஆட்டி ஈர்ப்பை அளந்தார். 150 ஆண்டுகள் கழித்து, அதே அளவை ஊசலும் நூலும் இல்லாமல் ஒரு துகளின் குவாண்டம் அலையே சொல்லிவிட்டது. இயற்பியலின் மிக அழகிய சோதனைகளில் ஒன்றாக இதை நான் எண்ணுகிறேன்.

ஆனால் இது குவாண்டம் ஈர்ப்பைக் காட்டிய சோதனை என்று சில பத்திரிகைக் கட்டுரைகளில் எழுதிவிடுகிறார்கள். அது சரியல்ல. இங்கே மேற்பொருந்தி நின்றது நியூட்ரான். ஈர்ப்பைத் தருவது பூமி, பூமி ஒரே இடத்தில்தான் இருக்கிறது. நியூட்டன் எழுதிய பழைய ஈர்ப்பை ஷ்ரோடிங்கர் சமன்பாட்டுக்குள் போட்டாலே விடை வந்துவிடும். குவாண்டம் துகள் ஈர்ப்பை உணர்கிறது என்பதை இந்தச் சோதனை நிலைநாட்டியது. ஈர்ப்பே குவாண்டம் தன்மை கொண்டதா என்பதைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. இந்தத் துறையைப் படிக்கிறவர்கள் முதலில் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டிய வேறுபாடு இது. பின்னால் வந்த பல நல்ல சோதனைகளும் இந்தக் கோட்டுக்கு இப்பக்கத்திலேயே நிற்கின்றன. 2002இல் பிரான்சின் கிரெனோபிளில் வலேரி நெஸ்விஷெவ்ஸ்கி குழு, கண்ணாடித் தளத்தின் மேல் குதிக்கும் மிக மெதுவான நியூட்ரான்கள் ஈர்ப்புப்புலத்தில் படிப்படியான ஆற்றல்நிலைகளில்தான் நிற்கின்றன என்று காட்டியது. 1990களில் மார்க் கசேவிச்சும் ஸ்டீவன் சூவும் லேசரால் குளிரவைத்த அணுக்களைக் குறுக்கிடச் செய்தார்கள்; 1999க்குள் சூவின் குழு ஈர்ப்பு முடுக்கத்தை நூறு கோடியில் மூன்று பங்கு நுட்பத்தில் அளக்கும் நிலைக்கு வந்தது. ஸ்டான்ஃபோர்டில் 10 மீட்டர் உயரக் கோபுரத்தில் 2015இல் ருபீடியம் அணுக்களின் அலை 54 சென்டிமீட்டர் அகலத்துக்குப் பிரிக்கப்பட்டது. ஓர் அணு அரை மீட்டர் இடைவெளியில் இரண்டு இடத்தில் இருந்தது என்றால் கற்பனைக்கும் கடினம்.

அதே கோபுரத்தில் நடந்த இன்னொரு சோதனை கோட்டின் விளிம்புவரை வந்தது. 2022 ஜனவரியில் வெளியான அந்த முடிவில், 1.25 கிலோ டங்ஸ்டனை ஒரு பாதைக்கு மட்டும் அருகே வைத்தார்கள். விசை தள்ளியதால் மட்டும் விளக்க முடியாத, ஈர்ப்பு நிலையாற்றலின் வேறுபாட்டிலிருந்தே வந்த ஒரு கட்ட மாற்றம் அங்கே தெரிந்தது. மின்காந்தத்தில் அஹரனோவ்–போம் விளைவு என்று அறியப்பட்டதற்கு ஈர்ப்பில் இணையான ஒன்று. அங்கும் டங்ஸ்டன் ஓரிடத்தில்தான் இருந்தது.

இதற்கு நேர் எதிர்த்திசையிலிருந்தும் கேள்வி வந்தது. ஈர்ப்பைக் குவாண்டம் ஆக்க வேண்டாம், ஈர்ப்புதான் குவாண்டம் மேற்பொருந்தலை உடைக்கிறது என்று 1980களில் ஹங்கேரியின் லாயோஸ் டியோஷியும், 1996இல் ரோஜர் பென்ரோஸும் சொன்னார்கள். மேற்பொருந்தி நிற்கும் இரு நிலைகளின் ஈர்ப்பு ஆற்றல் வேறுபாடு எவ்வளவோ அவ்வளவு விரைவில் அந்த நிலை ஒன்றாகச் சரிந்துவிடும் என்பது அவர்கள் கருத்து. ஒரு நியூட்ரானுக்கு இப்படிச் சரிய ஒரு கோடி ஆண்டு அளவில் ஆகும்; ஆகையால் குறுக்கீட்டுமானியில் அதைக் காண முடியாது. மைக்ரோமீட்டர் அளவுள்ள ஒரு துகளுக்கோ ஒரு விநாடிக்கும் வெகு குறைவான நேரம் போதும். இத்தகைய சரிவுக் கோட்பாடுகளையும் அவற்றைச் சோதிக்கும் வழிகளையும் தொகுத்து மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் டி.பி. சிங், கிஞ்சல்க் லோச்சன், சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தின் சீமா சாத்தின் ஆகியோர் ஏஞ்சலோ பாஸி, ஹென்ட்ரிக் உல்பிரிக்ட் இருவரோடும் சேர்ந்து 2013இல் எழுதிய ஆய்வுரை இன்றும் இத்துறைக்கு நுழைவாயில். இத்தாலியின் கிரான் சாஸோ மலைக்கு அடியில் நடந்த ஒரு சோதனை, டியோஷி–பென்ரோஸ் கருத்தின் மிக எளிய வடிவத்தை விலக்கிவிட்டது. சரிவு நடந்தால் மின்னூட்டத் துகள்கள் சிறிது மின்காந்தக் கதிர்வீச்சை உமிழ வேண்டும். எதிர்பார்த்த அளவில் அது வரவில்லை. கருத்தின் எல்லா வடிவங்களும் இதனால் விழுந்துவிடவில்லை. இருந்தாலும், தத்துவப் பேச்சு என்று ஒதுக்கப்பட்ட ஒன்று ஒரு கண்டுணர்கருவியின் எண்ணிக்கையால் திருத்தப்பட்டது பெரிய விஷயம்.

ஃபைன்மனின் கேள்விக்கு நேரடியாகப் பதில் தேடும் திட்டம் பிறந்த கதையில் நம் பக்கத்து மாநில நகரம் ஒன்று வருகிறது. 2016இல் பெங்களூரில் உள்ள கோட்பாட்டு அறிவியலுக்கான பன்னாட்டு மையத்தில் குவாண்டம் இயற்பியலின் அடிப்படைச் சிக்கல்கள் பற்றி ஒரு கருத்தரங்கு நடந்தது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் சௌகதோ போஸ் அங்கேதான் இதை மேடையில் விளக்கினார். குரோனிங்கன் பல்கலைக்கழகத்தின் அனுபம் மஜும்தார் உள்ளிட்ட பலரோடு அவர் எழுதிய கட்டுரை 2017 டிசம்பரில் ஃபிசிக்கல் ரிவ்யூ லெட்டர்ஸ் இதழில் வந்தது. ஆக்ஸ்ஃபோர்டின் கியாரா மார்லெட்டோ, விளாட்கோ வெட்ரல் இருவரும் தனியாக அதே கருத்தை எட்டி எழுதிய கட்டுரையும் அதே இதழில் பக்கத்திலேயே வெளியானது.

திட்டம் இது. ஒவ்வொன்றும் 10⁻¹⁴ கிலோ உள்ள இரண்டு வைரத் துகள்களை எடுத்துக்கொள்ள வேண்டும். விட்டம் ஏறத்தாழ 2 மைக்ரோமீட்டர். ஒவ்வொன்றின் உள்ளேயும் நைட்ரஜன் அணு ஒன்று கார்பன் இடத்தில் உட்கார்ந்து, பக்கத்தில் ஒரு வெற்றிடம் இருக்கும். அந்த இடத்து எலக்ட்ரான் தற்சுழற்சியைக் கைப்பிடிபோல் பயன்படுத்தலாம். சீரற்ற காந்தப்புலத்தில் விட்டால் தற்சுழற்சி மேல்நோக்கி உள்ள நிலை ஒரு பக்கமும் கீழ்நோக்கி உள்ள நிலை மறுபக்கமும் நகரும். இப்படி ஒவ்வொரு துகளும் 250 மைக்ரோமீட்டர் இடைவெளியில் இடம் வலம் என்று இரண்டு இடத்திலும் இருக்கும் நிலைக்குக் கொண்டுவரப்படும். இரு துகள்களுக்குமாக நான்கு சேர்க்கைகள். அவற்றில் ஒன்றில் மட்டும் இரண்டும் மிக நெருங்கி, 200 மைக்ரோமீட்டர் தொலைவில் இருக்கும். அந்தச் சேர்க்கையின் கட்டம் மற்றவற்றைவிட அதிகம் நகரும். இரண்டரை விநாடி கழித்துக் காந்தப்புலத்தைத் திருப்பி ஒவ்வொரு துகளையும் மீண்டும் ஒன்றாக்கி, இரண்டு தற்சுழற்சிகளையும் அளந்து பார்க்க வேண்டும். தனித்தனியாக விவரிக்க முடியாதபடி அவை ஒன்றோடொன்று பின்னிக்கொண்டிருந்தால் அந்தப் பின்னலை உண்டாக்கியது ஈர்ப்பு மட்டுமே.

கட்டம் உணரத்தக்க அளவு நகருமா? கணக்குப் போட்டால் வியப்பாக இருக்கிறது. 200 மைக்ரோமீட்டர் தொலைவில் இந்த இரு துகள்களின் ஈர்ப்பு ஆற்றல் 3.3×10⁻³⁵ ஜூல். எந்தத் தராசும் உணர முடியாத சிறுமை அது. ஆனால் கட்டத்தைக் கணக்கிடும்போது இதைக் காலத்தால் பெருக்கி, 2πயால் வகுத்த பிளாங்க் மாறிலியால் வகுக்க வேண்டும். அந்த மாறிலி 1.05×10⁻³⁴. இரண்டரை விநாடியில் கட்டம் 0.8 ரேடியன் வந்துவிடுகிறது. ஈர்ப்பு மிகப் பலவீனமானது என்பதால்தான் குவாண்டம் ஈர்ப்பைச் சோதிக்க முடியாது என்று சொல்லிவந்தோம். பிளாங்க் மாறிலியும் அதே அளவுக்குச் சிறியது என்பதை இந்தத் திட்டம் பயன்படுத்திக்கொண்டது. இந்த ஒரு கணக்குக்காகவே அந்தக் கட்டுரையைப் பாராட்டலாம்.

பின்னலைக் கண்டால் ஏன் ஈர்ப்பு குவாண்டம் ஆகிறது? குவாண்டம் தகவலியலில் உறுதியாக நிறுவப்பட்ட ஒரு முடிவு இருக்கிறது. தனித்தனியே இருக்கும் இரண்டு குவாண்டம் பொருள்கள், ஒவ்வொன்றிலும் உள்ளூர்ச் செயல்களும் நடுவே குவாண்டம் அல்லாத பழைய வகைச் செய்திப் பரிமாற்றமும் மட்டுமே இருந்தால், ஒருபோதும் பின்னிக்கொள்ளா. ஈர்ப்புப்புலம் ஒவ்வொரு கணத்திலும் ஒரே திட்டமான மதிப்பு கொண்ட பழைய வகைப் புலமாக இருந்தால் அது அத்தகைய செய்திப் பரிமாற்றம்தான். ஆகவே பின்னல் தெரிந்தால் நடுவே நின்ற புலம் பழைய வகையாக இருக்க முடியாது.

வாதம் இவ்வளவு சுத்தமாக முடிந்துவிடவில்லை என்பதையும் வாசகர் அறிய வேண்டும். லண்டனின் ஜோனதன் ஓப்பன்ஹைம், ஈர்ப்பு பழைய வகையாகவே இருந்து, ஆனால் தற்செயலான நடுக்கத்தோடு இயங்கினால் முரண்பாடு இல்லாத கோட்பாடு கிடைக்கும் என்று 2023இல் விரிவாக எழுதினார். அப்படியானால் பின்னல் தோன்றாது. மாறாக, ஒரு நிறையை மிக நுட்பமாக அளக்கும்போது காரணமில்லாத இரைச்சல் தெரிய வேண்டும். 2025 அக்டோபரில் ஜோசப் அஜீஸ், ரிச்சர்ட் ஹவுல் இருவரும் நேச்சர் இதழில் இன்னும் கூர்மையான ஓர் எதிர்வாதத்தை வைத்தார்கள். பொருளையும் குவாண்டம் புலமாகவே எடுத்துக்கொண்டு கணக்கிட்டால், பழைய வகை ஈர்ப்பாலும் மிகச் சிறிய பின்னல் உண்டாகலாம் என்பது அவர்கள் முடிவு. அந்தக் கணக்கில் பின்னலைச் சுமப்பது ஈர்ப்பு அல்ல, பொருளே என்று உடனே மறுப்புகள் வந்தன. என் பார்வையில், இந்தச் சர்ச்சை சோதனையின் மதிப்பைக் குறைக்கவில்லை. இரு வழிகளிலும் வரும் பின்னல் நிறையோடும் தொலைவோடும் வேறு வேறு விதமாக மாறும். ஆகவே "பின்னல் இருக்கிறதா" என்று மட்டும் கேட்டுவிட்டு நிற்காமல், எவ்வளவு, எப்படி மாறுகிறது என்றும் அளக்க வேண்டும். சோதனை கடினமாகிறது, பதில் இன்னும் தெளிவாகிறது.

இன்னொரு மிகைப்படுத்தலையும் இங்கேயே விலக்கிவிட வேண்டும். இந்தச் சோதனை வெற்றி பெற்றால் இழைக் கோட்பாடு சரி, அல்லது வளையக் கோட்பாடு சரி என்று தீர்ப்பாகிவிடாது. பிளாங்க் நீளத்தின் அமைப்பைப் பற்றி அது ஒரு சொல்கூடச் சொல்லாது. எல்லாக் குவாண்டம் ஈர்ப்புக் கோட்பாடுகளும் கூட்டாக ஏற்றுக்கொண்ட, ஆனால் யாரும் சரிபார்க்காத அடித்தளத்தை மட்டும் அது சரிபார்க்கும். விடை எதிர்மறையாக வந்தாலோ, அந்தக் கோட்பாடுகள் எல்லாவற்றுக்கும் கீழே தரை இல்லை என்று ஆகும்.

செய்வது எவ்வளவு கடினம்? இரண்டரை விநாடி தடையின்றி விழ 30 மீட்டர் வேண்டும், நன்கு வளர்ந்த பனைமரத்தின் உயரம். அந்த நேரம் முழுவதும் ஒரு காற்று மூலக்கூறுகூடத் துகளில் மோதி அது எந்த இடத்தில் இருக்கிறது என்பதைக் காட்டிக்கொடுக்கக் கூடாது. 10⁻¹⁵ பாஸ்கல் வெற்றிடம் தேவை என்று 2017 கட்டுரை கணக்கிட்டது, நாம் சுவாசிக்கும் காற்றழுத்தத்தில் 10²⁰இல் ஒரு பங்கு. வைரத்தின் வெப்பநிலை 0.15 கெல்வின் அளவுக்கு இறங்க வேண்டும், இல்லையென்றால் அது உமிழும் வெப்பக் கதிரே காட்டிக்கொடுத்துவிடும். துகள்களில் ஓர் எலக்ட்ரான் மின்னூட்டம் மிஞ்சியிருந்தாலும் மின்விசை ஈர்ப்பை மூழ்கடித்துவிடும். மின்னூட்டம் இல்லாவிட்டாலும் காசிமிர் விசை இருக்கிறது. 200 மைக்ரோமீட்டருக்குள் நெருங்க விடாமல் தடுப்பது அதுதான். நடுவே மெல்லிய உலோகத் தகடு வைத்து அதை மறைக்கலாம் என்று போஸ், மஜும்தார் குழுவே 2020இல் ஒரு வழி சொன்னது. பக்கத்துச் சாலையில் போகும் லாரியின் அதிர்வும், ஆய்வகத்தில் நடக்கும் மனிதரின் ஈர்ப்பும்கூடக் கணக்கில் வரும்.

இன்றைய நிலையை இரண்டு எண்களால் சொல்லலாம். குறுக்கீட்டில் காட்டப்பட்ட பொருள்களின் நிறை ஒரு பக்கம் ஏறிவருகிறது. 1999இல் வியன்னாவில் 60 கார்பன் அணுக்கள் கொண்ட மூலக்கூறு. 2019இல் 25,000 டால்டனைத் தாண்டிய மூலக்கூறுகள். 2025இல் அதே நகரில் 1,70,000 டால்டன் சோடியம் அணுத்திரள்கள். கிலோவில் சொன்னால் இது 3×10⁻²² அளவு. மறுபக்கம், ஈர்ப்பை உண்டாக்குவதாகவோ உணர்வதாகவோ அளக்கப்பட்ட பொருள்களின் நிறை இறங்கிவருகிறது. 2021இல் மார்க்கஸ் ஆஸ்பெல்மேயர் குழு 90 மில்லிகிராம் தங்க உருண்டை தரும் ஈர்ப்பை உணர்ந்து காட்டியது. 2024இல் லெய்டன், சௌத்தாம்ப்டன் ஆய்வாளர்கள் 0.43 மில்லிகிராம் துகளைக் காந்தத்தில் மிதக்கவிட்டு அதன்மேல் விழும் ஈர்ப்பை அளந்தார்கள். வைரத் துகளின் 10⁻¹⁴ கிலோ இந்த இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. குறுக்கீட்டுப் பக்கத்திலிருந்து இன்னும் சில கோடி மடங்கு ஏற வேண்டும். இஸ்ரேலின் பென்–குரியன் பல்கலைக்கழகத்தில் ரான் ஃபோல்மன் குழு, தற்சுழற்சியைக் கொண்டு அணுக்களை முழுமையாகப் பிரித்துச் சேர்க்கும் குறுக்கீட்டுமானியை 2021இல் செய்து காட்டியிருக்கிறது. வைரத்துக்கு அதே முறையைக் கொண்டுவருவது அடுத்த படி. இது ஐந்து ஆண்டில் முடியும் வேலை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். முடியவே முடியாது என்று சொன்னாலும் நம்ப வேண்டாம்.

பிளாங்க் நீளத்தையே நேரடியாகக் குறுக்கீட்டில் பிடிக்கும் முயற்சிகளும் நடந்தன. வெளி என்பதே நுரைபோல் நடுங்கினால் கோடிக்கணக்கான ஒளியாண்டு கடந்துவரும் விண்மீன்திரள் ஒளியின் கட்டம் குலைந்து, தொலைநோக்கியில் வளையங்கள் மங்க வேண்டும் என்று 2003இல் ரிச்சர்ட் லியூ, லாயிட் ஹில்மன் வாதிட்டார்கள். வளையங்கள் மங்கவில்லை, ஆனால் நடுக்கம் அப்படிக் கூடிக்கொண்டே போகும் என்ற அனுமானமே கேள்விக்குள்ளானது. அமெரிக்காவின் ஃபெர்மிலேபில் 40 மீட்டர் கைகள் கொண்ட இரட்டைக் குறுக்கீட்டுமானிகள் ஒருவகை நடுக்கத்தைத் தேடி, அது இல்லை என்று அறிவித்தன. திருவனந்தபுரத்தில் பிறந்து புனேயில் பணியாற்றி 2021இல் மறைந்த தாணு பத்மநாபன், வெளிக்கு ஒரு மிகக் குறைந்த நீளம் உண்டு என்பதைக் குவாண்டம் ஈர்ப்பின் பொது அடையாளமாக 1980களிலிருந்தே எழுதிவந்தார். அந்த நீளத்தைத் தொடும் குறுக்கீட்டுமானி இன்று எங்கும் இல்லை.

இந்தியாவின் பங்கு கோட்பாட்டோடு நின்றதில்லை. குறுக்கீடும் அதன் உடன்பிறப்பான விளிம்பு விளைவும் நம் இயற்பியலின் தொடக்கப் பாடங்கள். திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி.வி. ராமன், சென்னை மாநிலக் கல்லூரி மாணவராக 18 வயதில் எழுதிய முதல் கட்டுரை, செவ்வகத் துளையால் உண்டாகும் சமச்சீரற்ற விளிம்புப் பட்டைகளைப் பற்றியது. 1906இல் லண்டன் ஃபிலசாஃபிக்கல் மேகசீனில் வெளிவந்தது. அவர் 1948இல் பெங்களூரில் தொடங்கிய நிறுவனத்தில், அவருடைய சகோதரி மகன் எஸ். பஞ்சரத்னம், படிகங்களில் முனைவுற்ற ஒளிக்கற்றைகள் குறுக்கிடும்போது பாதையின் வடிவத்தைப் பொறுத்தே ஒரு கட்டம் சேர்கிறது என்று 1956இல், 22 வயதில், கண்டுபிடித்தார். 1984இல் மைக்கேல் பெரி குவாண்டம் இயற்பியல் முழுவதற்கும் அத்தகைய கட்டத்தை எழுதிய பிறகு, எஸ். ராமசேஷனும் ராஜாராம் நித்தியானந்தாவும் பஞ்சரத்னத்தின் முன்னோடிப் பணியை 1986இல் சுட்டிக்காட்டினார்கள். பஞ்சரத்னம் 35 வயதில் ஆக்ஸ்ஃபோர்டில் இறந்துவிட்டிருந்தார்.

ராமன் ஆராய்ச்சி நிறுவனத்தில் அந்த மரபு நீடிக்கிறது. குவாண்டம் ஈர்ப்பைத் தேடிய ரஃபேல் சோர்கின், குவாண்டம் விதி சரியென்றால் குறுக்கீடு எப்போதும் இரண்டிரண்டு பாதைகளுக்கு இடையேதான் நிகழும், மூன்று பாதை சேர்ந்து புதிதாக ஒன்றும் தராது என்று 1994இல் எழுதினார். ஈர்ப்பைச் சேர்க்கும்போது விதி மாறுமானால் அது இங்கே வெளிப்படலாம். உர்பசி சின்ஹாவும் உடனுழைத்தவர்களும் கனடாவில் மூன்று பிளவுகளைக் கொண்டு இதைச் சோதித்து, மூன்றாம் வகைக் குறுக்கீடு இருந்தாலும் அது வழக்கமான குறுக்கீட்டில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவு என்று 2010இல் சயன்ஸ் இதழில் வெளியிட்டார்கள். பிறகு பெங்களூரில் அவரும் ஜோசப் சாமுவேல், அனிந்த சின்ஹா உள்ளிட்டோரும், வளைந்து நெளிந்து போகும் பாதைகளையும் கணக்கில் சேர்த்தால் மூன்று பிளவுச் சோதனையில் சிறு விலகல் இயல்பாகவே வரும் என்று காட்டினார்கள். புதிய இயற்பியலைத் தேடுகிறவர் முதலில் பழைய இயற்பியலின் சிறு விலகல்களைக் கழித்தாக வேண்டும்; அந்தக் கணக்கை ஒழுங்காகச் செய்து கொடுத்தது பெங்களூர்.

சென்னையின் பங்கு அதிகம் பேசப்படாதது. தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தின் ஆர். சைமன், இரண்டு அலைவுறும் பொருள்கள் பின்னியிருக்கின்றனவா என்று, இடத்தையும் உந்தத்தையும் அளந்த எண்களைக் கொண்டே தீர்மானிக்கும் நிபந்தனையை 2000இல் வெளியிட்டார். ஒளிக்காக எழுதப்பட்ட நிபந்தனை அது. இன்று வைரத் துகளுக்குப் பதிலாகக் கண்ணாடிகளையும் ஊசல்களையும் ஈர்ப்பால் பின்ன வைக்கலாம் என்று திட்டமிடுகிறவர்கள், பின்னல் வந்ததா என்று பார்க்க அந்த வழியையே கையாள்கிறார்கள். ஒரு நாள் அத்தகைய சோதனை வெற்றி பெற்றால், அதன் கடைசி வரிக் கணக்கு தரமணியில் எழுதியதாக இருக்கும். நம் பள்ளிகளில் எத்தனை ஆசிரியர்களுக்கு இது தெரியும்?

கொல்கத்தா போஸ் நிறுவனத்தின் திபங்கர் ஹோமும், லண்டனில் பணியாற்றிய தேபர்ஷி தாஸும் உல்பிரிக்டோடும் சௌகதோ போஸோடும் சேர்ந்து, பொருளின் நிறை எவ்வளவாக இருந்தாலும் அதன் குவாண்டம் தன்மையைச் சோதிக்கக்கூடிய ஒரு வழியை 2024இல் தந்திருக்கிறார்கள். ஆக, கருத்து நம்மிடம் இருக்கிறது. அளவுகோல் நம்மிடம் இருக்கிறது. சோதனைக்கூடம்தான் பெரும்பாலும் வெளிநாட்டில் இருக்கிறது.

இது மாறக்கூடியது. 2023 ஏப்ரலில் மத்திய அரசு தேசிய குவாண்டம் இயக்கத்துக்கு 6,003.65 கோடி ரூபாய் ஒதுக்கியது. அதே மாதம், மகாராஷ்டிரத்தின் ஹிங்கோலி மாவட்டத்தில் 4 கிலோமீட்டர் கைகள் கொண்ட லைகோ–இந்தியா ஈர்ப்பலைக் குறுக்கீட்டுமானிக்கு 2,600 கோடி ரூபாயில் ஒப்புதல் கிடைத்தது. லைகோவுக்கு வேண்டிய அதிர்வடக்கம், வெற்றிடம், கண்ணாடிப் பூச்சு, சத்தமில்லாத லேசர் எல்லாமே ஈர்ப்புப் பின்னல் சோதனைக்கும் வேண்டியவை. குவாண்டம் இயக்கத்தின் அறிவித்த இலக்குகளில் கணினியும் பாதுகாப்பான தகவல்தொடர்பும் அணுக் கடிகாரமும் காந்தமானியும் இருக்கின்றன. மிதக்கும் நுண்துகள் குறுக்கீட்டுமானி ஒன்றையும் அதில் வெளிப்படையான இலக்காகச் சேர்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கைத்திறன் ஒன்றேதான், கேள்வி மட்டும் பெரிது.

இதற்கு மலையைக் குடையவோ வயலைக் கையகப்படுத்தவோ தேவையில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆலங்குடி வட்டத்து நெடுவாசலில் 2017இல் ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்து மக்கள் மாதக்கணக்கில் உட்கார்ந்தார்கள். தேனி பொட்டிப்புரத்து நியூட்ரினோ ஆய்வகமும் மக்கள் எதிர்ப்பால் நின்றுபோனது. நிலத்தை நம்பி வாழ்கிறவர்களிடம் என்ன செய்கிறோம் என்று முதலில் சொல்லாமல் எந்தத் திட்டமும் எடுபடாது. ஈர்ப்புப் பின்னல் சோதனை ஒரு கட்டடத்துக்குள் அடங்கும். அதற்கு வேண்டியது அமைதியான தரையும் பொறுமையான கைகளும் பல ஆண்டு தொடரும் பணமும்.

புதுக்கோட்டை மாவட்டம் 1991இல் அறிவொளி இயக்கத்தை ஊர் ஊராக எடுத்துச் சென்ற மாவட்டம். அறிவியலைத் தெருவில் நின்று பேசுவது இங்கே புதிதல்ல. ஆலங்குடியிலும் சுற்றுவட்டாரத்திலும் இயற்பியல் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அலை ஒளியியல் பாடம் வரும்போது தேர்வுக்கான வாய்பாட்டோடு நிறுத்திவிடாதீர்கள். ஒரு தலைமுடியையும் ஒரு லேசரையும் வைத்துச் சுவரில் பட்டையைக் காட்டுங்கள். அதே பட்டையை வைத்துத்தான் ஈர்ப்புவிசையின் இயல்பை அறிய உலகம் முயன்றுகொண்டிருக்கிறது, அந்தக் கேள்விக்கு இன்றுவரை விடை இல்லை என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள். பத்துப் பதினைந்து ஆண்டில் அந்தக் குறுக்கீட்டுமானிகளை இயக்கப் போகிறவர்கள் இப்போது பள்ளியில்தான் இருக்கிறார்கள்.